வாத்துக்கு வலப்பக்கம்

கால்டர் பல்கலைக்கழகத்தின் தென்கோடியில் புல்வெளிக்கு நடுவே ஒரு கோடு இருக்கிறது. அதை யாரும் வரையவில்லை. ஆனாலும் கண் இருக்கிற எவனுக்கும் தெரியும். கோட்டுக்கு இந்தப் பக்கம் பல்கலைக்கழகத்துப் புல். அதை ஓடெல் ப்ரூயிட் வெட்டுகிறார். அந்தப் பக்கம் அதிபர் நூலகத்துப் புல். அதை லூயிவில்லிலிருந்து லாரியில் வந்திறங்கும் ஆட்கள் வெட்டுகிறார்கள். ஒரு பட்டை வெளிர், ஒரு பட்டை அடர் என்று, கல்யாண வீட்டுக்குப் போகிறவன் சட்டை மாதிரி.

ஓடெல் தன் வண்டியைக் கோடு வரை ஓட்டிக்கொண்டு வந்து, அங்கே ஒரு நொடி நிறுத்தி, அந்தப் பட்டைகளை முறைத்துவிட்டுத்தான் திரும்புவார். வாரத்துக்கு இரண்டு முறை, தவறாமல். புல்லை முறைத்து ஜெயித்தவர் உலகத்தில் யாரும் இல்லை. அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் முறைப்பார்.

பத்தொன்பது வயதில் இந்த வேலைக்கு வந்தவர். இப்போது அறுபத்தாறு. வண்டி ஏழு மாறிவிட்டது, ஆள் மாறவில்லை. வெயிலில் வெந்த கழுத்து, காது மூடிய தொப்பி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத பச்சை விரல்கள். நல்ல மனிதர். யார் வீட்டு வாசலில் பனி குவிந்தாலும் கேட்காமலே தள்ளிவிட்டுப் போவார். ஆனால் சிலருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது மாதிரி அவருக்குப் பொறாமை. பத்தியம் இருந்தாலும் இறங்காது.

நூலகம் வந்ததிலிருந்து அது ஏறிக்கொண்டேதான் போனது. வெண்டல் ஸ்ட்ரிக்லண்ட் இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். படித்தவர் என்றால் பேருக்கு. பிறகு ஆளுநர் ஆனார், பிறகு அதிபராகவே ஆகி எட்டு வருஷம் ஆண்டார். பதவி முடிந்ததும், அவர் தொட்ட காகிதம் அத்தனையையும், ஜனங்கள் அவருக்கு அனுப்பிய பரிசு அத்தனையையும் பத்திரப்படுத்த ஒரு கட்டடம் வேண்டும், அதற்கு அதிபர் நூலகம் என்று பேர் என்றார்கள். நாலு பல்கலைக்கழகங்கள் மல்லுக்கட்டின. கால்டர் ஜெயித்தது. ஜெயித்த சந்தோஷத்தில் பல்கலைக்கழகம் கொடுத்த சீதனம், ஓடெலின் தெற்குப் புல்வெளி, பன்னிரண்டு ஏக்கர். ஓடெலிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவன் தோட்டக்காரனிடமா கேட்பான்?

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது வாத்து.

வாத்தைச் சொல்ல வேண்டுமென்றால் க்ளைட் ஹெம்ப்ரியைச் சொல்ல வேண்டும். க்ளைட் பல்கலைக்கழகத்தில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடெலுக்கு அடுத்த வீடு. நடுவில் இடுப்பளவு மர வேலி. முப்பது வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கம் க்ளைடின் தக்காளி ஆகஸ்ட் மாதம் செக்கச்செவேல் என்று தொங்கும். மாவட்டச் சந்தையில் நீல ரிப்பன் வாங்கும். இந்தப் பக்கம் ஓடெலின் தக்காளி, பரீட்சைக்குப் படிக்காத பையன் மாதிரி, அக்டோபர் பனி விழுகிறவரை பச்சையாகவே நிற்கும்.

பச்சையாக நின்றதை ஓடெலின் மனைவி வெர்னி ஊறுகாய் போடுவாள். முட்டைக்கோஸ், குடைமிளகாய், வெங்காயம், கடுகு, வினிகர் எல்லாம் போட்டு. வேகவைத்த பீன்ஸ் மேல் அதில் ஒரு கரண்டி விட்டால், பீன்ஸ் தான் பீன்ஸ் என்பதையே மறந்துவிடும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஸ்ட்ரிக்லண்ட் பதவிக்கு வந்த இரண்டாம் வருஷம், க்ளைட் கறுப்பு வால்நட் மரத்தில் ஒரு வாத்து செதுக்கி வெள்ளை மாளிகைக்கு அனுப்பினார். அதைக் கேள்விப்பட்ட அன்றே ஓடெல் வெர்னியை நச்சரித்து ஒரு ஜாடி ஊறுகாய் அனுப்ப வைத்தார். ஒரே தபால் ஆபீஸ், ஒரே வாரம், இரண்டு பொட்டலம். மூன்று மாதம் கழித்து இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி அட்டை வந்தது. மேலே தங்கக் கழுகு, நடுவில் 'உங்கள் அன்பான பரிசுக்கு நன்றி', கீழே கையெழுத்து. கையெழுத்தைப் போட்டது இயந்திரம் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். ஓடெலிடம் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. அவர் அதைச் சட்டம் போட்டு அடுப்புக்கு மேல் மாட்டினார். வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "வெள்ளை மாளிகையில பீன்ஸுக்கு எங்க வீட்டு ஊறுகாய்தான் தொட்டுக்க" என்றார். வெர்னி அடுப்பைப் பார்த்துக்கொண்டு சிரிப்பாள். ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள்.

வெர்னி போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரு பிப்ரவரி மாதம். அலமாரியில் மிச்சமிருந்த ஜாடிகளை ஓடெல் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுத் தீர்த்தார். கடைசி ஜாடியை மட்டும் நாற்பது நாள் வைத்துச் சாப்பிட்டார்.

போன அக்டோபரில் நூலகம் திறந்தார்கள். முதல் கூடத்திலேயே கண்ணாடிப் பேழைக்குள் க்ளைடின் வாத்து உட்கார்ந்திருந்தது. ஜாடியைக் காணோம்.

க்ளைட் அதோடு விட்டாரா? நூலகத்துத் தொண்டராகச் சேர்ந்து, அவர்கள் கொடுத்த சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வாத்துக்குப் பக்கத்திலேயே நின்று வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். ஊரே காலையில் கூடும் டார்லாவின் கடைக்கும் அதே கோட்டில்தான் வந்தார்.

"டார்லா, காப்பி கொடும்மா, சீக்கிரம். ஒன்பதரைக்கு மூணு பள்ளிக்கூட பஸ் வருது. எல்லாம் என் வாத்தைப் பாக்க."

"வாத்தைப் பாக்கவா வருதுங்க?" என்றார் ஓடெல், தட்டிலிருந்த சோளக் கஞ்சியிலிருந்து தலை நிமிராமல். "அங்க கழிப்பறை நல்லா இருக்குன்னு வருதுங்க."

"அதுவும் நிஜம்தான். ஆனா கழிப்பறைக்குப் போற வழியில என் வாத்துல்ல இருக்கு!"

கடையே சிரித்தது. டார்லா காப்பியை ஊற்றிக்கொண்டே, "ரெண்டு கிழங்களும் காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா? நான் இன்னும் முட்டையே உடைக்கல" என்றாள்.

க்ளைட் விடவில்லை. "ஏம்ப்பா ஓடெல், ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். என் வாத்து இருக்கு. ஒஹாயோக்காரன் அனுப்பின விசில் இருக்கு. எவனோ கோழி எலும்புலயே அதிபர் மூஞ்சி பண்ணி அனுப்பியிருக்கான், அதுகூட இருக்கு. உங்க வீட்டு ஜாடி எங்கப்பா?"

"அவருதான் சாப்ட்டுட்டாரே. சாப்ட்டதை எப்படிக் கண்ணாடிக்குள்ள வைப்பாங்க? அவரு வயித்தையா கொண்டாந்து வைப்பாங்க?"

"சரி, சாப்ட்டாரு. ஜாடி? வெள்ளை மாளிகையில ஜாடி கழுவ ஆளில்லையா?"

ஓடெல் கரண்டியைக் கீழே வைத்தார். ஜாடி எங்கே?

அன்று மதியமே வண்டியைக் கோட்டுக்கு ஓரமாக நிறுத்திவிட்டு, முதல் தடவையாக அந்தப் பக்கம் கால் வைத்தார். பட்டைப் புல்லின் மேல் வேண்டுமென்றே அழுத்தி நடந்தார்.

கூடத்தில் இருபது பிள்ளைகள் வாத்தைச் சுற்றி நின்றன. சிவப்புக் கோட்டு கையை ஆட்டிக்கொண்டிருந்தது. "அலகைப் பாருங்க பிள்ளைங்களா. இந்த வளைவு வர்றதுக்கு எனக்கு பதினோரு நாள் ஆச்சு."

"பன்னெண்டாவது நாள் கழுத்தையும் கவனிச்சிருக்கலாம்," என்றார் பின்னாலிருந்து ஓடெல். "சுளுக்கு விழுந்த கோழி மாதிரி இருக்கு."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. க்ளைட் திரும்பிப் பார்த்தார். "வாங்க, வாங்க! பிள்ளைங்களா, இவருதான் உங்க அதிபருக்கு ஊறுகா அனுப்பினவரு. ஊறுகா எங்கன்னு அவரையே கேளுங்க."

ஓடெல் வாத்தையும் அதற்கு வலப்பக்கத்தையும் பார்த்தார். பேழைக்குள் இரண்டு சாண் அகலத்துக்கு ஒரு இடம் வெறுமனே கிடந்தது. ஒரு ஜாடி கச்சிதமாக உட்காரும்.

வாசலில் கேட்டதற்கு, பரிசுகளின் பதிவெல்லாம் மாடியில் வாசிப்பு அறையில் என்றார்கள். மாடியில் டெஸ் என்கிற ஆவணக் காப்பாளர் இருந்தாள். முப்பது வயசு இருக்கும். ஒரு குண்டூசி விழுந்தாலும் அதற்கும் ஒரு எண் கொடுத்து வைக்கிற ரகம். ஒரு படிவத்தை நீட்டினாள். பெயர், முகவரி, ஆய்வின் நோக்கம். ஓடெல் மூன்றாவதில் யோசிக்காமல் 'ஜாடி' என்று எழுதினார்.

டெஸ் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஜாடி பத்தின ஆய்வுங்களா ஐயா?"

"ஆய்வெல்லாம் இல்லம்மா. எங்க வீட்டு ஜாடி. எங்க வெச்சிருக்கீங்கன்னு சொன்னா போதும்."

தேடி எடுக்க நாலு நாள் ஆகும் என்றாள். நாலு நாளும் ஓடெல் அந்த ஜாடியை மனசுக்குள் கழுவித் துடைத்துப் பேழைக்குள் வைத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் குளித்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

தொப்பியும் கோட்டும் வெளியே பெட்டியில் பூட்ட வேண்டும் என்றாள். பேனா கூடாது, பென்சில்தான். கை கழுவி வரச் சொன்னாள். கழுவி வந்து காட்டினார். விரலைப் பார்த்து அவள் தயங்கியபோது, "அது அழுக்கு இல்லம்மா, நிறம்" என்றார்.

சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தாள். அதிலிருந்து ஒரே ஒரு உறை. அதற்குள் முதலில் ஒரு சின்னச் சீட்டு. அச்சடித்த கட்டங்களில் யாரோ நிரப்பியிருந்தார்கள். 'பொருள்: ஊறுகாய், வீட்டில் செய்தது, ஒரு ஜாடி. அனுப்பியவர்: திருமதி வெர்னி ப்ரூயிட். நிலை: விதிப்படி அழிக்கப்பட்டது.'

ஓடெல் கடைசி வரியில் விரலை வைக்கப் போனார். தொடக் கூடாது என்று ஞாபகம் வந்து எடுத்துக்கொண்டார். "அழிக்கப்பட்டதுன்னா? சாப்ட்டு அழிச்சதா?"

"இல்லைங்க ஐயா." டெஸ் குரலைத் தாழ்த்தினாள். "முன்பின் தெரியாதவங்க அனுப்புற சாப்பாட்டை அதிபர்கிட்டக் கொண்டுபோகவே மாட்டாங்க. பாதுகாப்பு விதி. கேக்கு, தேன், ஜாம், எது வந்தாலும் அழிச்சிடுவாங்க. ஜாடியோடதான்."

"முன்பின் தெரியாதவங்களா? நாங்களா? என் புல்வெட்டி வண்டியைத் திருட்டுத்தனமா ஓட்டிட்டுப் போயி நூலகத்து முன்னாடி நீரூத்துல இறக்கினவரும்மா அவரு! இந்த நூலகம் இல்ல, புஸ்தகம் இருக்கிற நூலகம். அன்னிக்கு சாவியை வண்டியிலயே விட்டதுக்குத் திட்டு வாங்கினவன் நான்!"

"அதுக்கு ஆவணம் எதுவும் இல்லையே ஐயா."

பன்னிரண்டு வருஷமாக ஊர் முழுக்கச் சொன்ன பெருமை, ஒரு பெயர் தெரியாத குப்பைத் தொட்டியில் கிடந்தது. அதைவிடப் பெரிய கவலை ஒன்று உடனே வந்தது. க்ளைடுக்குத் தெரிந்தால்?

எழுந்திருக்கப் போனவரை டெஸ் நிறுத்தினாள். "உறைக்குள்ள இன்னொரு தாள் இருக்குங்க. காகிதத்தை மட்டும் அழிக்க மாட்டாங்க."

நீலக் கோடு போட்ட தாள். அதில் வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடும் எழுத்து, காற்றடிக்கிற பக்கம் சாய்கிற புல் மாதிரி. வெர்னியின் எழுத்து. ஜாடியோடு அவள் கடிதம் வைத்தாள் என்பதே ஓடெலுக்குத் தெரியாது.

'மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கு. இது பச்சைத் தக்காளி ஊறுகாய். பீன்ஸோடு சாப்பிட வேண்டும். உங்களைச் சுற்றி இருக்கிறவர்கள் சாப்பிட விட மாட்டார்கள் என்று தபால் ஆபீஸ் அம்மா சொன்னார்கள். ஆனாலும் அனுப்புகிறேன், ஏனென்றால் பக்கத்து வீட்டு க்ளைட் ஒரு வாத்து அனுப்புகிறார். என் கணவரால் தாங்க முடியவில்லை.

'என் கணவர் பெயர் ஓடெல் ப்ரூயிட். நீங்கள் நீரூற்றில் இறக்கிய புல்வெட்டி அவருடையது. யார் செய்தது என்று அவருக்குத் தெரியும். நீங்கள் படிப்பைத் தொடர வேண்டும் என்று கடைசிவரை உங்கள் பெயரைச் சொல்லவில்லை. எனக்கே கல்யாணம் ஆகி மூன்றாம் வருஷம்தான் சொன்னார்.

'அவரிடம் ஒரே குறை, பொறாமை. க்ளைடின் தக்காளி எங்களுடையதைவிட நல்லது என்று குமைந்து குமைந்து சாகிறார். க்ளைடின் தக்காளி நல்லதுதான். என் கணவருக்கு மே மாதம் பட்டமளிப்பு விழா, ஜூனில் பழைய மாணவர்கள் விழா. இரண்டுக்கும் புல் வெட்டி முடித்து ஜூலையில்தான் நாற்று நட நேரம் கிடைக்கிறது. பழுப்பதற்குள் பனி வந்துவிடுகிறது. அதனால்தான் எனக்குக் காயாகவே கிடைக்கிறது. பழுத்த தக்காளியில் இந்த ஊறுகாயைப் போட முடியாது. நான் இதைச் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறாய் என்பார். நீங்கள் ஒரு வரி எழுதினால் நம்புவார். நேரம் இருந்தால் எழுதவும். இல்லாவிட்டால் பரவாயில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன்.'

ஓடெல் நாலு தடவை படித்தார். ஐந்தாம் தடவை ஆரம்பித்தபோது டெஸ் மெதுவாக அருகில் வந்தாள்.

"ஐயா, கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்களேன்."

"ஏம்மா?"

"தாள் நனையக் கூடாதுங்க."

பின்னால் தள்ளி உட்கார்ந்தார். அவளும் விதி என்ன சொன்னாலும் ஒரு கைக்குட்டைத் தாளை எடுத்து, ஆவணத்துக்கு ஒரு முழம் தள்ளி, அவர் முழங்கையருகே வைத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னாள். வசந்த காலத்துக்குக் காட்சியைக் கொஞ்சம் மாற்றப் போகிறார்களாம். வாத்துக்கு வலப்பக்கம் காலியாக இருக்கிற இடத்தில் இந்தக் கடிதத்தையும் சீட்டையும் வைத்தால் நன்றாக இருக்குமாம். ஆனால் கடிதம் எழுதியவரின் வாரிசு கையெழுத்துப் போட்டால்தான் முடியும்.

ஓடெல் உடனே பேரத்தில் இறங்கினார். "கடிதத்தை வைங்க. சீட்டு வேண்டாம்."

"சீட்டு இல்லேன்னா ஜாடி என்னாச்சுன்னு கேப்பாங்களே."

"சாப்ட்டாருன்னு எழுதிப் போடுங்க."

"பொய் எழுத முடியாதுங்க ஐயா. இது அரசாங்கம்."

"அரசாங்கம்னா பொய் எழுதாதாக்கும்!"

டெஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த அறையில எழுத மாட்டோம்."

"சரி போகட்டும். நடுவுல ரெண்டு வரியை மட்டும் மடிச்சு வைக்கலாமா?"

"எந்த ரெண்டு வரி?"

ஓடெல் கூரையைப் பார்த்தார். "தக்காளி."

"மடிக்கவே கூடாதுங்க. முழுசா வைக்கலாம், இல்லேன்னா திரும்பப் பெட்டிக்குள்ள போயிடும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

அந்த வாரம் ஓடெல் வெட்டிய புல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோணல் மாணலாக, குடித்தவன் கையெழுத்து மாதிரி இருந்தது. டார்லா கடையில் க்ளைட், "ஜாடி கிடைச்சுதா?" என்று கேட்டதற்கு, "தேடிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பாதிக் கஞ்சியில் எழுந்து போனார். வைத்தால் என்ன ஆகும் என்று தெரியும். ஊறுகாயை யாரும் நாக்கில் வைக்கவில்லை என்று ஊர் படிக்கும். ஓடெல் பொறாமைக்காரன் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று படிக்கும். க்ளைடின் தக்காளி நல்லது என்பதை, வெர்னியின் கையெழுத்திலேயே, க்ளைட் படிப்பார். வைக்காவிட்டாலோ அவள் பெட்டிக்குள் போய்விடுவாள்.

இதற்கெல்லாம் அடியில் இன்னொன்று அரித்தது. அதை அவர் வண்டியின் சத்தத்துக்கு நடுவே மட்டும்தான் நினைத்துக்கொண்டார். நாற்பது வருஷக் கல்யாணத்தில் வெர்னி அவருக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. குளிர்பெட்டிக் கதவில் 'பால், முட்டை, விளக்குத் திரி' என்று எழுதி ஒட்டுவாள், அவ்வளவுதான். எழுதிய ஒரே கடிதத்தை இன்னொருத்தனுக்கு எழுதியிருக்கிறாள். அந்த இன்னொருத்தன் படித்தானா என்பதுகூடத் தெரியாது. கோட்டின் மேல் வண்டியை நிறுத்தி, ஓடெல் முதல் தடவையாகப் புல்லை விட்டுவிட்டுக் கட்டடத்தை முறைத்தார். எட்டு வருஷம் நாட்டை ஆண்டவன் மேல் புல் வெட்டுகிற ஒருத்தனுக்குப் பொறாமை வரக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், வேலிக்கு அந்தப் பக்கம் க்ளைட் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார். அவர் வீட்டு ஜன்னலில் தக்காளி நாற்று ஏற்கெனவே ஒரு சாண் வளர்ந்து நின்றது.

"ஏம்ப்பா, சேதி தெரியுமா? என் வாத்துக்குப் பக்கத்துல ஒரு இடம் சும்மா கெடக்குல்ல? அந்த டெஸ் பொண்ணுகிட்டக் கேட்டேன். யாரோ ஒருத்தர் நாளைக்குள்ள சம்மதம் சொல்லணுமாம். சொல்லலேன்னா அந்த இடத்துக்கு வேற பொருள் பாப்பாங்களாம். நான் சொல்லிட்டேன், வாத்து செதுக்கின என் கத்தியைத் தர்றேன்னு."

ஓடெலின் கையிலிருந்த மண்வெட்டி அப்படியே நின்றது. "கத்தியா?"

"வாத்து இந்தப் பக்கம், கத்தி அந்தப் பக்கம். எப்படி?"

"ஏன், நீ போயி நடுவுல உக்காந்துக்கயேன். மொத்தமாப் பூட்டிடுவாங்க."

"கோட்டுதான் கசங்கிடும்," என்றார் க்ளைட்.

ஓடெல் இரண்டு மண்கட்டியை உடைத்தார். பிறகு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பது மாதிரி, "ஏன் க்ளைட், வாத்தோட கடிதம் ஏதும் வெச்சியா நீ?" என்றார்.

"மர வாத்துக்கு எதுக்குப்பா கடிதம்?"

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஓடெல் வேலியைவிட்டுச் சிரித்த முகத்தோடு போனார். க்ளைட் அவர் முதுகையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நூலகம் ஒன்பது மணிக்குத் திறக்கும். வெள்ளிக்கிழமை எட்டரைக்கே ஓடெல் வாசல் கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றார். டெஸ் படிவத்தை நீட்டினாள். பென்சிலை எடுத்தவர் நிறுத்தினார்.

"ஒரு நிபந்தனை. வாத்தைவிட உயரமா வைக்கணும்."

"எல்லாம் ஒரே உயரத்துலதாங்க ஐயா வைப்போம்."

"அரை அங்குலம்?"

டெஸ் அவரைப் பார்த்தாள். பிறகு கடிதத்தைப் பார்த்தாள். "தாள் கொஞ்சம் நீளம்தான். நிமித்தி வெச்சா மேல் ஓரம் தன்னாலயே அரை அங்குலம் ஏறும்."

"அது போதும்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பென்சிலில். அவள் சிரித்துக்கொண்டே பேனாவைக் கொடுத்து மறுபடி போட வைத்தாள்.

ஏப்ரல் மாதம் பேழையைத் திறந்து வைத்தார்கள். ஓடெல் கதவோரம் நின்றார், ஓடுவதற்கு வசதியாக. முதலில் படித்தது சிவப்புக் கோட்டு. க்ளைட் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு உதடு அசைய அசையப் படித்தார். பாதியில் நிமிர்ந்து, கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்க, "'க்ளைடின் தக்காளி நல்லதுதான்!'" என்றார். "கேட்டீங்களாய்யா? அரசாங்க ஆவணம்!"

ஓடெல் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து சீட்டு. அது வரும். அந்த நக்கல் இனி சாகிறவரை தினம் காலையில் கஞ்சியோடு வரும்.

க்ளைட் சீட்டைப் படித்தார். சத்தமே இல்லை. ஓடெல் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். க்ளைட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அழிச்சுட்டானுங்களா?" என்றார். "வெர்னி ஊறுகாயையா? முட்டாப் பசங்க."

ஓடெல் பக்கத்தில் வந்து நின்றார். இருவரும் சீட்டையே பார்த்தார்கள்.

"நாட்டுக்கே அதிபர், அவனுக்குக் கொடுத்து வைக்கல பாரு," என்றார் க்ளைட். "வருஷா வருஷம் எனக்கே வேலிக்கு மேல ஒரு ஜாடி வந்துச்சு."

ஓடெல் மெதுவாகத் திரும்பினார். "என்னது?"

"ஊறுகாதான்."

"உனக்குக் கொடுத்தாளா? எந்த வருஷம்?"

"எந்த வருஷம்னா? எல்லா வருஷமும்தான். உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு சொல்லியிருந்தா. அவருக்கு வயிறு எரியும்னு."

ஓடெலுக்கு வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது. மூன்று நாள் க்ளைடோடு பேசவில்லை. நாலாம் நாள், க்ளைடிடம் எத்தனை ஜாடி, எந்த அளவு ஜாடி என்று கணக்குக் கேட்பதற்காகப் பேச வேண்டியதாயிற்று.

இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வண்டியைக் கோட்டோரம் நிறுத்திவிட்டு, ஓடெல் கூடத்துக்கு வந்து எதிர் பெஞ்சில் உட்காருகிறார். வாத்துக்கு முன்னால் எத்தனை பேர், கடிதத்துக்கு முன்னால் எத்தனை பேர் என்று விரல் விடுகிறார். கடிதம்தான் ஜெயிக்கிறது. ஜெயித்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? முதல் வாரம் பட்டார். அதற்குப் பிறகு வேறு ஒரு தொந்தரவு ஆரம்பித்தது.

மே மாதம், பட்டமளிப்புக்கு முந்தின நாள். வெளியூர்க்காரர் ஒருவர், பேஸ்பால் தொப்பி, கொஞ்சம் வாட்டசாட்டமான ஆள், கடிதத்துக்கு முன்னால் நின்றார். வாத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியில் மூச்சுப் படுகிற அளவுக்குக் குனிந்து, சாய்ந்து ஓடும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். சிரித்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எதையோ உதட்டுக்குள் மனப்பாடம் செய்வது மாதிரி முணுமுணுத்தார்.

ஓடெல் பெஞ்சில் நெளிந்தார். ரொட்டியைக் கடித்து மெல்லாமல் வைத்திருந்தார். ஆறு நிமிஷம். எந்த வரியை அத்தனை நேரம் பார்க்கிறான்? என்ன சிரிப்பு? அவனுக்கா எழுதினாள்?

சிவப்புக் கோட்டு வாத்துக்குப் பக்கத்திலிருந்து எச்சரித்தது. "ஓடெல், வேண்டாம். உக்காரு."

எழுந்துவிட்டார். போய் அந்த ஆளின் தோளைத் தட்டினார்.

"படிச்சது போதும்ப்பா, நகருங்க. பின்னாடி ஆள் நிக்குது."

அந்த ஆள் திரும்பிப் பார்த்தார். பின்னால் வரிசை எதுவும் இல்லை. பச்சை விரல்களில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடெல் மட்டும் நின்றார்.